எல்லா பில்லுக்கும் 'யெஸ்' வந்த மாதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், 1998ல் சேர்ந்தது. சேர்ந்த புதிதில் டே புக் என்கிற தினசரிக் கணக்கு, லெட்ஜர் என்கிற பேரேடு எல்லாம் கையெழுத்துதான். மாதக் கடைசியில் பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற டிரையல் பேலன்ஸ் பத்து ரூபாய் இடித்தது என்றால் அந்தப் பத்து ரூபாயைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அப்பாவை வண்டி எடுத்துக்கொண்டு வரச்சொன்ன ராத்திரிகள் நிறைய. அப்புறம் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் வந்தது. எஃப் ஃபைவ் பேமென்ட், எஃப் சிக்ஸ் ரசீது, எஃப் எய்ட் சேல்ஸ், எஃப் நைன் பர்ச்சேஸ் என்று விரலுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, இன்றைக்கும் திரையைப் பார்க்காமல் போடுவேன். 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தபோது அதைப் படித்தோம். 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தபோது அதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தோம்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவும் படித்தவளுக்கு எக்செல் தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள 45 வயது ஆனது, அந்தக் கதைக்காகச் சொல்கிறேன்.

தெரியாது என்றால் சுத்தமாகத் தெரியாது என்றில்லை. கட்டம் போடுவேன், கலர் அடிப்பேன், பிரிண்ட் ஒரே பக்கத்தில் வர வைப்பேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சில நேரம் பக்கத்தில் கால்குலேட்டரை வைத்து கூட்டிப் பார்த்து, அந்த டோட்டலை எக்செல் கட்டத்தில் டைப் அடிப்பேன். நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். மெஷின் கூட்டியதை விட நான் கூட்டியது சரி என்று ஒரு நினைப்பு. இப்படிச் செய்கிறவர்கள் எங்கள் ஊர் ஆபீஸ்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன்.

வேலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நாங்கள் நூல் வாங்குகிறோம், நிட்டிங்குக்குக் கொடுக்கிறோம், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று துணி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜாப் வொர்க் பில், ஒவ்வொரு பில்லிலும் ஜிஎஸ்டி. நாம் கட்டிய அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்து, நாம் அரசுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பில் போட்ட பார்ட்டி தன்னுடைய ஜிஎஸ்டி ரிட்டர்னில் அந்த பில்லை ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினால் ஜிஎஸ்டி போர்ட்டலில் நமக்கு டூ-பி என்ற பட்டியலில் வரும். ஆரம்பத்தில் வராத பில்லுக்கும் ஓரளவு எடுத்துக்கொள்ள விட்டார்கள், 2019 அக்டோபரில் 20 சதவீதம் வரை, அடுத்த ஜனவரியில் 10, அதற்கடுத்த வருஷம் 5. 2022 ஜனவரி 1லிருந்து அதுவும் கிடையாது. டூ-பியில் இருந்தால் கிரெடிட், இல்லாவிட்டால் இல்லை.

டூ-பி வருவது மாதம் 14ஆம் தேதி. ரிட்டர்ன் போட்டு வரி கட்டவேண்டியது 20ஆம் தேதி. இடையில் இருக்கிற ஆறு நாளில் எங்கள் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரில் இருக்கும் நானூறு ஐநூறு பில்லையும் அந்தப் பட்டியலோடு ஒன்றுக்கு ஒன்று ஒத்துப் பார்க்க வேண்டும். நான் இரண்டையும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து, பச்சை மையில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வந்தால் வாரச் சம்பளம், அன்றைக்கு வேறு எந்த வேலையையும் தொட முடியாது, ஆக ஆறு நாள் என்பது உண்மையில் ஐந்துதான், ஞாயிறு விழுந்தால் நாலு.

கம்பெனியில் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019ல் ஒரு ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் எக்செல் வகுப்புக்கு அனுப்பினார்கள், மத்தியானம் நல்ல சாப்பாடு, கடைசியில் சர்டிஃபிகேட்கூடக் கொடுத்தார்கள். அங்கே எல்லாப் பயிற்சியும் ஆப்பிள், ஆரஞ்சு, வடக்கு, தெற்கு என்று ஒரு விற்பனைக் கணக்கில் நடந்தது. அந்த ஷீட்டில் ஒரு பிழை கிடையாது, ஒரு இடத்தில் ஸ்பேஸ் அதிகம் கிடையாது, தேதியெல்லாம் தேதியாகவே இருந்தது. ஒரு பட்டியலில் தேடி எடுத்துத் தருகிற வி-லுக்கப் ஃபார்முலாவைப் போட்டேன், ஆப்பிள் விலை வந்தது, கைதட்டினோம். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்து நம்ம ஃபைலில் போட்டால் வரிசையாக என்.ஏ., என்.ஏ., அதாவது கிடைக்கவில்லை என்று வருகிறது. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. மூன்றாம் நாள் பச்சைப் பேனாவுக்கே திரும்பிவிட்டேன். அந்த வகுப்பு எடுத்தவர் மோசம் என்று சொல்ல வரவில்லை, நல்லாத்தான் எடுத்தார். ஆனால் அழுக்கே இல்லாத துணியை வைத்துக்கொண்டு துவைக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கொரோனாவுக்கு அப்புறம் ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள், பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) முடித்துவிட்டு நேராக வந்தவள். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள், தங்கச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். அவள் கீபோர்டில் ஓடுகிற வேகத்தைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல், அதையும் மறைக்க வேண்டாம். டெபிட் நோட்டா கிரெடிட் நோட்டா என்பதிலேயே தடுமாறுகிறவள், ஆனால் ஷீட்டில் எதையோ இழுத்துவிட்டால் ஆயிரம் வரி ஒரு நொடியில் நிரம்புகிறது. அவளிடம் கேட்கலாம் என்று தோன்றும், கேட்க மாட்டேன். என் பெண்ணை விட மூன்று நாலு வயதுதான் பெரியவள், அவளிடம் போய் "இது எப்படிக் கண்ணு?" என்று நிற்பதா என்று ஒரு வீம்பு.

2022 ஜூனில் நானே தனியாக முயற்சி செய்தேன். மே மாதத்து ரெஜிஸ்டரையும் டூ-பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்ட்டியின் ஜிஎஸ்டி நம்பரையும் பில் நம்பரையும் ஒட்டி ஒரே சாவி ஆக்கி (இந்த யோசனை யூடியூபில் பிடித்தது), டூ-பியின் ஓரத்தில் 'ஐ.டி.சி. உண்டா' (இன்புட் கிரெடிட் உண்டா) என்று ஒரு பத்தி இருக்கும், அதை வி-லுக்கப்பில் இழுத்தேன். என்ன ஆச்சரியம், ஒரு என்.ஏ. கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை யெஸ், யெஸ், யெஸ். எல்லாப் பார்ட்டியும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முழு கிரெடிட்டையும் எடுத்து கெடு நாளுக்கு முன்னாலேயே ரிட்டர்னைப் போட்டுவிட்டு, 27 வருஷ சர்வீஸில் முதல் தடவையாக... இல்லை, அப்போது 24 வருஷம், முதல் தடவையாக 20ஆம் தேதி சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டில் இருந்தேன்.

ஜூலை 14 அடுத்த டூ-பி வந்தது. அதில் நிட்டிங் பார்ட்டிகளுடைய மே மாதத்து பில்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. போன மாதமே வந்துவிட்டதே, மறுபடி ஏன் வருகிறது? அப்போதுதான் உறைத்தது. அந்த நிட்டிங்காரர்கள் ஐந்து கோடிக்குள் டர்ன்ஓவர் உள்ளவர்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போடுகிறவர்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்றுக்கும் சேர்த்து ஜூலையில்தான் ஏற்றியிருக்கிறார்கள். நடுவில் தனியாக ஏற்றுவதற்கு வழி உண்டு, யாரும் செய்வதில்லை. ஆக, மே மாதத்தில் அந்த பில்கள் டூ-பியில் இருந்திருக்கவே முடியாது. எனக்குத் தெரிந்த விஷயம் இது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் மெஷின் யெஸ் என்று சொன்னவுடன் என் மூளையைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டேன் போல.

அன்றைக்குத்தான் தங்கச்சியைக் கூப்பிட்டேன். குனிந்து ஃபார்முலாவைப் பார்த்தாள், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அக்கா, கடைசில ஃபால்ஸ் போடல நீங்க."

"போடாட்டி என்ன?"

"போடாட்டி அது பக்கத்துல இருக்கறத எடுத்துக்கும்க்கா. சரியா அதே வேணும்னா ஃபால்ஸ் போடணும்."

இதுதான் சங்கதி. வி-லுக்கப்புக்கு நாலு விஷயம் கொடுக்க வேண்டும், நாலாவதை விட்டுவிட்டால் அது தப்பு என்று சொல்லாது, 'ஏறக்குறைய பொருந்தினால் போதும்' என்று எடுத்துக்கொள்ளும். பட்டியல் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்கிறது என்று தானே முடிவு செய்து, தேடினது கிடைக்காவிட்டால் அதைவிடச் சின்னதாக இருக்கிற வேறு எதையாவது கொண்டுவந்து வைத்துவிடும். நான் இழுத்ததோ எல்லா வரியிலும் யெஸ் என்று இருக்கிற பத்தி. எந்த பில்லை எடுத்தாலும் பதில் யெஸ்தான். ஆப்பிள் ஆரஞ்சு வகுப்பில் ஃபால்ஸ் போடச் சொல்லியிருப்பார், நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன், ஏன் போட வேண்டும் என்பது மட்டும் நோட்டில் இல்லை.

அதிகமாக எடுத்த வரி 62,000 சொச்சம். எடுத்ததோடு நிற்காமல் பயன்படுத்தியும் விட்டோம், அதனால் வருஷத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி, ஒரு மாதத்துக்கு ஆயிரத்துக்குள்தான் வந்தது. ஆடிட்டரிடம் சொல்லி, எடுத்ததைத் திருப்பிப் போட்டு, முறையாக வந்ததை அந்த மாதமே எடுத்துக்கொண்டோம். பாதிக்கு மேல் அதில் சரியாகிவிட்டது. ஒரு பார்ட்டி மட்டும் பில்லை ஏற்றவே இல்லை, அது தனிக் கதை. முதலாளி திட்டவில்லை. "ஏம்மா, கம்ப்யூட்டர்ல பார்த்தும் தப்பு வருமா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதற்கப்புறம் வீம்பு போய்விட்டது. தங்கச்சியும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம், சாயந்திரம் டீ வந்ததிலிருந்து அரை மணி நேரம், அவள் எனக்கு எக்செல், நான் அவளுக்குக் கணக்கு. இதை ஆபீஸில் யாரும் வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் அரட்டை அடிக்கிற மாதிரிதான் இருக்கும், ஒரு தடவை மேனேஜர் வந்து "என்ன, வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் ஓட்டல் வகுப்புக்குக் காசு கொடுக்கிறவர்களுக்கு இந்த அரை மணி நேரம் கண்ணில் உறுத்துகிறது, அது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நம்ம அழுக்கு பில்களை வைத்துத்தான் படித்தேன், அதனால்தான் தலையில் நின்றது. ஃபால்ஸ் போட்டவுடன் பழையபடி என்.ஏ. மழை. ஒவ்வொரு என்.ஏ.வுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு நிட்டிங்காரர் பில் நம்பரை 12-3 என்று போடுவார், டைப் அடித்தவுடன் எக்செல் அதை மார்ச் 12 ஆக்கிவிடும். அதோடு விட்டால் பரவாயில்லை, ஜிஎஸ்டி நம்பரோடு ஒட்டினால் பின்னால் 44632 என்று ஒரு எண் முளைக்கும். என்னடா இது என்று பயந்துவிட்டேன். எக்செலுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டு வருகிற நாள் கணக்குதானாம், 2022 மார்ச் 12க்கு அந்தக் கணக்கில் 44632. இதில் நான் மட்டும் ஏமாளி இல்லை என்று பிறகு தெரிந்தது. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்கிற மாதிரி பெயர்கள் இருந்தன, ஆராய்ச்சிக்காரர்கள் ஷீட்டில் அடித்தால் தேதியாகிவிடும், கடைசியில் 2020ல் எக்செலை மாற்ற முடியாமல் மரபணுவின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அவர்களாவது பெயரை மாற்றலாம். நான் அந்த நிட்டிங் அண்ணனிடம் பில் நம்பரை மாற்றுங்க என்று சொல்லிப் பார்த்தேன், "அது ராசியான நம்பருங்க" என்றார்.

டையிங் பில் ஒன்று, இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து அதே. பொருந்த மாட்டேன் என்கிறது. ஸ்பேஸ் இருக்கும் என்று, அதை நீக்குகிற ட்ரிம் ஃபங்ஷனைப் போட்டோம், அப்போதும் இல்லை. இரண்டு நாள் கழித்து தங்கச்சி கண்டுபிடித்தாள், இணையப் பக்கத்திலிருந்து காப்பி எடுத்தால் வேறு ஒரு வகை ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வரும், ட்ரிம் அதைத் தொடவே தொடாது, தனியாகச் சொல்லி மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியிலும் இரண்டு ஜாதி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் பவர் குவெரி, வெளியிலிருந்து வரும் ஃபைல்களைச் சுத்தம் செய்து கோர்க்கிற எக்செல் கருவி. அதற்கு முன்னால் ஒரு சண்டை. என் சிஸ்டத்தில் இருந்தது 2010 எக்செல், யூடியூபில் காட்டுகிற மெனு எதுவும் என் திரையில் இல்லை, நான்தான் மக்கு என்று ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தேன். 2016லிருந்துதான் அது உள்ளேயே சேர்ந்து வருகிறது. முதலாளியிடம் போய் நின்றால் "அதே எக்செல்தானம்மா, எதுக்குப் புதுசு?" என்றார். போன மாதம் ஒத்துப் பார்க்க எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நானும் தங்கச்சியும் சேர்த்து 31 மணி நேரம். அவர் தொழில்காரர், தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அடுத்த வாரம் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பவர் குவெரியில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. நாம் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஓரத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்கிறது. மேலே இருக்கிற தலைப்பு வரிகளை நீக்கினோம், ஸ்பேஸை எடுத்தோம், நம்பரை எழுத்தாக மாற்றினோம் என்று ஒவ்வொன்றும் ஒரு படி. எந்தப் படியை அழுத்தினாலும் அந்த நேரத்தில் ஷீட் எப்படி இருந்தது என்று காட்டும். லெட்ஜரில் தப்பு வந்தால் டே புக்குக்குப் போய், அங்கிருந்து வவுச்சருக்குப் போய்த் தேடுவோமே, அதே புத்திதான். அது புரிந்த அன்றைக்கு அந்தத் திரை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் புது ஃபைலை அதே ஃபோல்டரில் போட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தால் எல்லாப் படியும் தானாக ஓடிவிடுகிறது.

ஆனால் அதிலும் ஒரு அடி வாங்கினேன். வி-லுக்கப் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது, பவர் குவெரி பார்க்கும். அதுவரை பொருந்திக்கொண்டிருந்த பார்ட்டி ஒருவர், பில் நம்பரில் இரண்டு எழுத்தை நாங்கள் சின்னதாக அடித்திருந்ததால், திடீரென்று காணாமல் போய்விட்டார். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்க ஒரு படி சேர்த்தோம். மொத்தம் இப்போது 14 படி, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு பார்ட்டியின் முகம் எனக்குத் தெரியும்.

யெஸ் மாதத்துக்கு அப்புறம் நான் எந்த ஷீட்டையும் அப்படியே நம்புவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒத்துப் பார்க்கும் முன்னால், ரெஜிஸ்டரின் நகலில் மூன்று பொய் பில் சேர்த்துவிடுவேன். ஒன்று இல்லாத பார்ட்டி, ஒன்று இருக்கிற பார்ட்டி இல்லாத நம்பர், ஒன்றில் வரி ஒரு ரூபாய் கூட. மூன்றையும் பிடித்துக் கொடுத்தால்தான் மேலே போவேன். தங்கச்சி முதலில் சிரித்தாள், "அக்கா கள்ள நோட்டு வெச்சு டெஸ்ட் பண்றாங்க" என்று. இப்போது அவளும் செய்கிறாள். இப்போதெல்லாம் அவள் ஏ.ஐ.யிடம் கேட்டு ஃபார்முலா வாங்குகிறாள், நானும் கேட்கிறேன், சில நேரம் எங்கள் வெர்ஷனில் இல்லாத ஃபங்ஷனைத் தைரியமாக எழுதிக் கொடுக்கும். அதற்கும் அதே மூன்று பொய் பில்தான் பரீட்சை.

தெரியாதது இன்னும் நிறைய இருக்கிறது. பவர் குவெரியின் உள்ளே ஒரு மொழி இருக்கிறது, அதைத் திறந்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றும், தங்கச்சிக்கும்தான். தொகுத்துக் கூட்டிக் காட்டுகிற பிவட் டேபிள் போடுவேன், ஆனால் இரண்டாவது தடவை அதே மாதிரி வரும் என்று உத்தரவாதம் இல்லை. 2024 அக்டோபரில் போர்ட்டலில் வேறு புதிதாக ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள், வருகிற பில்லை ஏற்கிறோமா, தள்ளுகிறோமா, நிறுத்தி வைக்கிறோமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். அதையும் எங்கள் 14 படியோடு எப்படிச் சேர்ப்பது என்று டீ நேரத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் 14ஆம் தேதி சாயந்திரம் டூ-பி இறக்கி, ஃபோல்டரில் போட்டு, ரிஃப்ரெஷ் கொடுத்தேன். பொய் பில் மூன்றும் பிடிபட்டன. அவற்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் 467 பில்லில் 11 பொருந்தவில்லை. எட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிறவர்கள், அவை அடுத்த மாதம் வரும். இரண்டு, எங்கள் பக்கம் டைப் தப்பு. ஒன்று பாக்கி. போனை எடுத்தேன்.

"அண்ணா, பில்லு ஏத்தலைங்களா?"

"எந்த பில்லுங்க?"

"12-3ங்க."

"அட, அதுங்களா. ஆடிட்டர்கிட்ட குடுக்க மறந்துட்டனுங்க. அடுத்த மாசம் சேத்திப் போட்டுக்கலாமுங்களா?"